அளவுநாடா

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில் பாஸ்டன் என்னும் பழைய நகரம் உள்ளது. அந்நகரை ஒட்டிச் சார்லஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடந்தால் கேம்பிரிட்ஜ் என்னும் ஊர். அவ்வூரின் ஆற்றங்கரையில் நீண்டு நிற்கும் கட்டடங்களின் தொகுதியே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். பெயர் கழகம் எனினும் அஃது ஒரு பெரிய பல்கலைக்கழகம். அறிவியலும் பொறியியலும் பயில விரும்புவோர் பல நாடுகளிலிருந்தும் நாடிச் செல்லும் இடம்.

அங்கே 1993-ஆம் ஆண்டில், பிறர் வீடு திரும்பிய இரவு நேரங்களில், ஒரு பேராசிரியை கையில் அளவுநாடாவுடன் ஆய்வுக்கூடங்கள்தோறும் சென்றார். மண்டியிட்டுத் தரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார், அளந்ததைக் குறித்துக்கொண்டார். அவர் ஐம்பது வயதை எட்டியவர்; உயிரியலில் பெயர் பெற்றவர்; இருபது ஆண்டுகளாக அக்கழகத்திலேயே பணியாற்றியவர். அத்தகையவர் ஒருவரும் அறியாமல் இரவில் தரையை அளக்க வேண்டிய தேவை யாது?

அவர் பெயர் நான்சி ஹாப்கின்ஸ். நியூயார்க் நகரில் 1943-இல் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் பயின்றார். அங்கே மாணவியாக இருந்தபோது, 1963-இல், ஜேம்ஸ் வாட்சன் என்னும் அறிஞரின் சொற்பொழிவைக் கேட்டார். உயிர்களின் மரபுப்பொருள் முறுக்கிய ஏணி போன்ற வடிவினது என்று கண்டறிந்த இருவருள் வாட்சன் ஒருவர். அப்பேச்சைக் கேட்டு வெளியே வந்த மாணவி, தம் வாழ்நாளை இத்துறைக்கே ஒப்படைப்பது என்று முடிவு செய்துவிட்டார். 1971-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1973-இல் மாசசூசெட்ஸ் கழகத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

பெண்ணுரிமை பற்றிய இயக்கங்களில் அவர் ஈடுபாடு கொள்ளவில்லை. அறிவியலில் ஆண் என்றும் பெண் என்றும் வேறுபாடு இல்லை. ஆய்வு சிறந்ததாயின் உயர்வு தானே வரும். வரவில்லையெனின் ஆய்வில்தான் குறை இருத்தல் வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். குறை கூறும் பெண்களைக் கண்டபோது, அவர்கள் போதிய திறமை இல்லாதவர்களோ என்றுகூட எண்ணியதுண்டு. இதனைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் கூறியிருக்கிறார்.

அவ்வாறு நம்பியவர் நாடாவைக் கையில் எடுத்த வரலாற்றை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் நலம்.

மாசசூசெட்ஸ் கழகம் 1861-இல் நிறுவப்பெற்றது. அதனுள் மாணவியாக முதன்முதல் அடியெடுத்து வைத்தவர் எலென் ஸ்வாலோ. 1871-இல் வேதியியல் கற்க அவருக்கு இடம் கிடைத்தது; கல்விக் கட்டணமும் வாங்கப்படவில்லை. தம் எளிய நிலைக்கு இரங்கி அதனை விட்டுக்கொடுத்தார்கள் என்று அவர் எண்ணி மகிழ்ந்தார். யாரேனும் மறுப்புக் கூறினால், ‘இவர் கட்டணம் செலுத்தவில்லை, ஆதலின் எம் மாணவியே அல்லர்’ என்று கூறித் தப்புவதற்கே அவ்வேற்பாடு என்பதனை அவர் பின்னர்தான் அறிந்தார். 1873-இல் பட்டம் பெற்ற அவ்வம்மையார், மாசசூசெட்ஸ் மாநிலத்து நீர்நிலைகளின் தூய்மையை ஆராய்ந்து பெரும் புகழ் எய்தினார். 1911-இல் மறையும்வரை அக்கழகத்திலேயே கற்பித்தார். ஆயினும் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவேயில்லை.

அதன்பின் பல்லாண்டுகள் பெண்களின் தொகை அங்கே மிகச் சிறிதாகவே இருந்தது. தடை விதிக்கும் சட்டம் ஒன்றும் இல்லை. தங்க இடமில்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது. மகளிர் விடுதியில் எத்துணைப் படுக்கைகள் உண்டோ அத்துணைப் பெண்களையே சேர்த்தல் இயலும் அன்றோ? அக்கழகத்தில் 1904-இல் பட்டம் பெற்ற கேதரின் மெக்கார்மிக் என்னும் செல்வச் சீமாட்டி இந்நிலையை நன்கு உணர்ந்திருந்தார். அவர் தந்த பொருளால் எழுந்த மகளிர் விடுதி 1963-இல் திறக்கப்பட்டது. கட்டிலின் கணக்கு உயர்ந்ததும் மாணவியரின் கணக்கும் உயர்ந்தது. பின்னர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ், எமிலி விக் என்னும் பேராசிரியைகள் இருவர் முன்னின்று, மாணவரையும் மாணவியரையும் ஒரே அளவுகோலால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடி வெற்றி பெற்றனர். அதற்குமுன், விடுதி சிறிதாதலின் பெண்களுக்கு மட்டும் தகுதியின் அளவு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

மாணவியர் சேர்ந்தனர். ஆசிரியப் பதவிகளின் நிலை என்ன? இதற்கு மற்றொரு பெண்மணியின் வரலாற்றை நாம் காண வேண்டும்.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பெர்னிஸ் சாண்ட்லர் என்பவர் பகுதிநேர ஆசிரியராக இருந்தார். 1969-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவர் துறையில் அப்போது ஏழு ஆசிரியப் பதவிகள் காலியாக இருந்தன. ஒன்றற்கும் அவர் பெயர் எண்ணப்படவில்லை. காரணம் கேட்டபோது, தகுதியில் ஐயமில்லை என்றும், ஒரு பெண்ணுக்கு இத்துணை மிடுக்கு ஆகாது என்றும் துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் உண்மையைப் போட்டு உடைத்தார். வேறோர் இடத்தில், குழந்தைக்கு உடல்நலம் குன்றினால் பெண்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்று காரணம் கூறப்பட்டது. மூன்றாவது இடத்தில், ‘நீங்கள் படித்த இல்லத்தரசிதானே’ என்னும் பொருள்பட ஒருவர் பேசினார்.

சாண்ட்லர் சட்டநூல்களைப் புரட்டத் தொடங்கினார். அவர் கண்டது வியப்பைத் தந்தது. தொழில் வழங்குவதில் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்று 1964-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆனால் கல்வி நிலையங்களின் ஆசிரியப் பணிக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. சம ஊதியச் சட்டமும் அந்நாளில் பேராசிரியர் போன்றோரைத் தழுவவில்லை. அறிவை வளர்க்கும் இடங்களுக்கு அறம் தேவையில்லை என்று சட்டமியற்றியோர் கருதினர் போலும்! மனம் தளராமல் அவர், கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகச் செய்த முயற்சிகளைப் பற்றிய அரசாங்க அறிக்கை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஓரிடத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. ஆராய்ச்சி செய்வோர் அடிக்குறிப்பைப் புறக்கணிப்பதில்லை. அவரும் ஏட்டைத் திருப்பிக் குறிப்பைப் படித்தார். 1965-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் பிறப்பித்த ஆணை ஒன்று 1967-இல் திருத்தப்பட்டது என்றும், அத்திருத்தம் பால்வேறுபாட்டையும் தடுக்கிறது என்றும் அக்குறிப்பு கூறிற்று. தனியே அமர்ந்திருந்த சாண்ட்லர் மகிழ்ச்சி தாங்காமல் உரக்கக் கூவிவிட்டாராம்.

அவ்வாணையின் பொருள் இது: நடுவண் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பொருள் பெறும் எந்நிறுவனமும் பணியாளரிடையே வேறுபாடு காட்டலாகாது. அதனோடு நில்லாமல், விலக்கி வைக்கப்பட்டோரைத் தேடிச் சென்று வாய்ப்பளிக்கவும், அதற்கெனத் திட்டம் தீட்டி, இலக்கும் காலமும் வகுத்துக்கொள்ளவும் வேண்டும். இதனை ‘ஆக்க நடவடிக்கை’ என்று தமிழில் கூறலாம். நம் நாட்டு இட ஒதுக்கீட்டைப் போல இத்தனை இடங்கள் இவர்க்கே என்று ஒதுக்கி வைப்பதன்று அது. கதவைத் திறந்து வைத்ததோடு கடமை தீர்ந்தது என்னாமல், வெளியே நிற்பவரை அழைத்து வரச் சொல்லும் முறை அது. பல்கலைக்கழகங்களோ ஆராய்ச்சிக்காக அரசிடம் பெருந்தொகை பெற்றுவந்தன. ஆகவே ஆணை அவற்றையும் கட்டுப்படுத்தியது. அதுவரை யாரும் அதை எடுத்துக்காட்டவில்லை, அவ்வளவே.

1970-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முதல் முறையீடு அரசின் கைக்குச் சென்றது. தொடர்ந்து ஏறத்தாழ 250 கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள்மீது சாண்ட்லர் முறையீடு செய்தார். அவ்வாண்டே நாடாளுமன்றத்தில் எடித் கிரீன் அம்மையார் தலைமையில் விசாரணை நடந்தது. 1972-இல் சட்டங்களின் ஓட்டைகள் அடைக்கப்பட்டன. அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்களில் பால்வேறுபாட்டைத் தடுக்கும் ‘ஒன்பதாம் பிரிவு’ என்னும் புகழ்பெற்ற சட்டமும் அவ்வாண்டு சூன் 23-இல் ஒப்பமாயிற்று. பல்கலைக்கழகங்கள் பெண் அறிஞர்களைத் தேடத் தொடங்கின. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் நான்சி ஹாப்கின்ஸ் மாசசூசெட்ஸ் கழகத்தில் சேர்ந்தார் என்பதை நினைவிற்கொள்க.

எனவே, சட்டம் வந்துவிட்டது. வேறுபாடு ஒழிந்தது என்று அவர் கருதியதில் வியப்பில்லை. இருபது ஆண்டுகள் உருண்டோடின. வைரசுகளைப் பற்றி ஆராய்ந்து நற்பெயர் எடுத்தார். நிலையான பதவியும் பெற்றார். பிறகு ஒரு புதிய துறையில் இறங்க விரும்பினார். ஜெர்மனி நாட்டில் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்ட் என்னும் பேரறிஞர் வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனை வைத்து ஆராய்ச்சி நடத்திவந்தார். அம்மீன் கங்கை பாயும் நம் நாட்டுச் சமவெளி ஓடைகளில் இயல்பாக வாழ்வது. விரல் அளவே உள்ளது. உடலில் நீலநிறக் கோடுகள் ஓடும். அதன் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. ஒற்றை உயிரணு பிளந்து பெருகி, கண்ணும் இதயமும் முதுகெலும்பும் உருவாகும் விந்தையை வெளியிலிருந்தே காணலாம். நான்சி அவரிடம் சென்று கற்றுத் திரும்பினார்.

மீன்களுக்குத் தொட்டிகள் வேண்டும். தொட்டிகளுக்கு இடம் வேண்டும். மேலும் 200 சதுர அடி தருமாறு அவர் கேட்டார். இரண்டு சிறிய அறைகளின் பரப்பு அது. கிடைக்கவில்லை. மற்றவர்களைக் காட்டிலும் தம்மிடம் இடம் குறைவு என்று எடுத்துரைத்தார். அவ்வாறில்லை என்று விடை வந்தது.

அறிவியலார்க்கு இத்தகைய வழக்கைத் தீர்க்கும் வழி ஒன்றே. அளந்து பார்ப்பதுதான் அவ்வழி. ஆகவேதான் அந்த நாடா.

அளவு முடிந்தது. மூத்த பேராசிரியராகிய அவருக்கு இருந்தது 1,500 சதுர அடி. அவரையொத்த ஆண் பேராசிரியர்களுக்கு 3,000 சதுர அடி இருந்தது. அண்மையில் பணியில் சேர்ந்த இளைஞர்களுக்கும் ஏறத்தாழ 2,000 சதுர அடி இருந்தது. கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினார். இடம் பங்கிடும் பொறுப்பில் இருந்தவர் அதனை ஏற்கவில்லை.

இதற்கிடையே வேறொரு துன்பமும் நேர்ந்தது. மாணவர் அனைவரும் பயிலும் அறிமுக உயிரியல் பாடத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மாணவர்களும் அதனைப் போற்றினர். அப்பாடத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார். அவரிடத்தில் ஆண் பேராசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அப்போதுதான் நான்சி கழகத் தலைவர்க்கு ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்குமுன், தாம் மிகைபட எழுதிவிட்டோமோ என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. தாம் பெரிதும் மதித்த மேரி லூ பார்டியூ என்னும் உயிரியல் பேராசிரியையிடம், உணவு விடுதி ஒன்றில் அமர்ந்திருந்தபோது, கடிதத்தை நீட்டினார். பெருந்திறம் வாய்ந்த அவருக்கு இத்தகைய குறைகள் நேர்ந்திரா. தம்மை இகழ்வாரோ என்று நெஞ்சு படபடத்தது.

பார்டியூ கடிதத்தை மெல்லப் படித்தார். இறுதிவரை படித்துவிட்டு, அதில் தாமும் கையொப்பம் இட விரும்புவதாகவும், தலைவரைக் காணத் தாமும் உடன் வருவதாகவும் கூறினார்.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. இருபது ஆண்டுகளாக ஒரே கட்டடத் தொகுதியில் வாழ்ந்த இருவர், தம் துன்பம் தமக்கு மட்டும் உரியது என்று தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தனர். ஒரு தாளை மேசைமீது நீட்டிய அந்நேரத்தில் அவ்வெண்ணம் அகன்றது.

கடிதம் அப்படியே தலைவரிடம் போகவில்லை. பிற பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் அறிவோம் என இருவரும் துணிந்தனர். லிசா ஸ்டைனர் என்னும் பேராசிரியையும் அவர்களோடு சேர்ந்தார். நிலையான பதவியில் உள்ள பெண்களின் பெயர்ப்பட்டியலைத் தொகுக்க அமர்ந்தபோது வேலை விரைவில் முடிந்துவிட்டது. அறிவியற் புலத்தின் ஆறு துறைகளிலும் சேர்த்து அத்தகைய ஆண்கள் ஏறத்தாழ இருநூற்றுவர். பெண்கள் 15 பேரே! பொறியியற் புலத்தைச் சேர்ந்த இருவரையும் கூட்டிப் பதினேழு பெயர்கள் ஆயின. மூவரும் கதவு கதவாகச் சென்று பேசினர். பதினேழு பேரில் பதினாறு பேர் கையொப்பம் இட்டனர். புரட்சிக்காரர் என்று பெயர் வாங்கியவர் அவர்களுள் எவரும் இலர். ஆய்வுக்கூடமே உலகமென வாழ்ந்தவர்கள்; பலர் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர் என்னும் உயர்ந்த சிறப்பைப் பெற்றவர்கள்.

1994-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர்கள் அறிவியற் புலத் தலைவராகிய ராபர்ட் பர்ஜனோவைச் சந்தித்தனர். அவர் ஓர் இயற்பியலறிஞர். ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் அனுபவத்தைக் கூறினர். தனித்தனியே கேட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு மனக்குறையாகத் தோன்றியிருக்கும். ஒரே அறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோது ஒழுங்கு ஒன்று புலனாயிற்று. சிதறிய புள்ளிகளை வரைபடத்தில் குறித்ததும் கோடு தெரிவது போன்றது அது. இயற்பியலார்க்கு அதனைக் கண்டுகொள்ள நெடுநேரம் ஆகவில்லை. துறைத்தலைவர் சிலர் தடை கூறினர். பேச்சு சில திங்கள் நீண்டது. இறுதியில் ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. நான்சி அதன் தலைவரானார். பெண்களோடு மூத்த ஆண் பேராசிரியர் மூவரும் அதில் இடம்பெற்றனர். அவ்வாறு சேர்த்தது நன்மையே ஆயிற்று. கணக்கேடுகளைத் தம் கண்ணால் கண்ட அவர்கள் பெண்களின் சார்பில் உறுதியாக நின்றனர்.

குழு கண்டவை யாவை? ஊதியம், ஆய்வுக்கூடத்தின் பரப்பு, ஆராய்ச்சிக்கெனக் கழகம் தரும் பொருள், பரிசுக்குப் பரிந்துரைத்தல், பொறுப்பான குழுக்களில் இடம் ஆகியவற்றில், ஒத்த தகுதியுடைய ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகப் பெற்றிருந்தனர். அறிவியற் புலத்து ஆசிரியருள் பெண்கள் நூற்றுக்கு எண்மர். பத்து ஆண்டுகளாக, ஒருகால் இருபது ஆண்டுகளாகவும், அந்த எட்டு மாறவேயில்லை. அதே காலத்தில் உயிரியல் போன்ற துறைகளின் இளநிலை வகுப்புகளில் மாணவியரே மாணவரினும் மிகுதியாக இருந்தனர்! ஆகவே, படிக்கும் பெண்கள் பெருகினால் ஆசிரியராகும் பெண்களும் தாமே பெருகுவர் என்று காத்திருந்தோர் கணக்குப் பொய்த்தது.

குழு கூறியவற்றுள் நுட்பமானது வேறொன்று. பணியில் புதிதாகச் சேர்ந்த இளம் பெண்கள் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றனர். குடும்பத்தையும் ஆய்வையும் எவ்வாறு ஒருங்கே நடத்துவது என்பதே அவர்தம் கவலை. மூத்தவர்களோ தாம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டதை உணர்ந்திருந்தனர். ஆனால் அம்மூத்தவரும் இளமையில் அவ்வாறே பேசியவர்கள்தாம். வேறுபாடு தமக்கு முந்திய தலைமுறையோடு முடிந்தது என்று ஒவ்வொரு தலைமுறையும் நம்பியிருந்தது. யாரும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை. இடமும் ஊதியமும் பங்கிடப்படும் இடங்களில் பெண்கள் இல்லை; அங்கிருந்தோர் தம்மையறியாமல் தம்மைப் போன்றாரையே நினைவில் வைத்திருந்தனர்.

குழு ஆராய்ந்துகொண்டிருந்தபோதே பர்ஜனோ கை கட்டி இருக்கவில்லை. ஊதியத்தையும் இடத்தையும் திருத்தத் தொடங்கினார். தகுதி வாய்ந்த பெண்களைத் தேடிக் கண்டறியுமாறு துறைத்தலைவர்களை வற்புறுத்தினார். பின்னாளில் நான்சி அறிவியற் புலத்துப் பெண் ஆசிரியரின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக வரைந்து பார்த்தார். கோடு இருமுறைதான் மேலேறியது: ஒன்று, 1970-ஐ அடுத்து அரசின் ஆணைகள் பல்கலைக்கழகங்களை நெருக்கிய காலம், மற்றொன்று, பர்ஜனோ முயன்ற காலம். இடைப்பட்ட ஆண்டுகளில் அது தரையோடு தரையாகக் கிடந்தது.

1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அறிக்கையின் சுருக்கம் கழகத்தின் ஆசிரியர் செய்தி இதழில் வெளியாயிற்று. கழகத் தலைவர் சார்லஸ் வெஸ்ட் அதற்கு ஒரு முன்னுரை எழுதினார். பல்கலைக்கழகங்களில் இத்தகைய வேறுபாடு பாதி உண்மை, பாதி தோற்றம் என்று தாம் கருதி வந்ததாகவும், உண்மையின் பங்கே மிகப் பெரிது என்று இப்போது உணர்ந்ததாகவும் அதில் குறிப்பிட்டார். பெரிய நிறுவனங்கள் குற்றம் சாட்டப்படும்போது வழக்கறிஞரை நாடுவதே வழக்கம். வழக்கு எதுவும் இல்லாமலே தன் குறையைத் தானே அச்சிட்டு வெளியிட்ட நிறுவனம் அரிது. செய்தித்தாள்கள் அதனை முதற் பக்கத்தில் வெளியிட்டன. ஏப்ரலில் குடியரசுத் தலைவர் கிளின்டன் சம ஊதியம் பற்றிப் பேச நான்சியை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். 2001 சனவரியில் புகழ்பெற்ற ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கேம்பிரிட்ஜில் கூடி, தத்தம் நிலையங்களிலும் இவ்வாறு ஆராய்ந்து பார்க்க ஒப்பினர்.

அறிக்கையை மறுத்தவர்களும் உண்டு. தனியார் ஊதிய விவரங்கள் அடங்கியமையால் மூலக் கணக்குகள் வெளியிடப்படவில்லை. கணக்கைக் காட்டாமல் முடிவை ஏற்கச் சொல்வது அறிவியல் ஆகுமா என்று அவர்கள் வினவினர். அவ்வினா முறையானதே. ஆனால் அக்கணக்கைக் கண்ட புலத்தலைவரும் கழகத் தலைவரும் தம் நிறுவனத்துக்கே இழுக்கு வரும் என்று அறிந்தும் அம்முடிவை ஏற்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மாற்றங்கள் தொடர்ந்தன. மகப்பேறு அடைந்த ஆசிரியைக்கு, நிலையான பதவிக்கெனத் தகுதி காணும் காலம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. வளாகத்தில் எழுந்த புதிய கட்டடத்தில் குழந்தைகள் காப்பகமும் அமைந்தது. 2004 இறுதியில் சூசன் ஹாக்ஃபீல்டு என்னும் உயிரியலறிஞர் கழகத்தின் முதற் பெண் தலைவரானார். 1999 முதல் 2011 வரையிலான காலத்தில் அறிவியல், பொறியியல் புலங்களில் பெண் ஆசிரியர் தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

ஆயினும் 2011-ஆம் ஆண்டு அறிக்கை எதிர்பாராத சில துன்பங்களையும் கூறிற்று. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் இருத்தல் வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதிதான். ஆனால் பெண்கள் சிலரே ஆதலின், அச்சிலரே எல்லாக் குழுக்களிலும் அமர நேர்ந்து, ஆய்வுக்குரிய பொழுது தேய்ந்தது. பெண் என்பதனால்தான் இடம் கிடைத்தது என்னும் பேச்சும் மாணவரிடையே எழுந்தது. பெண் ஆசிரியர் பெற்ற பரிசுகளையும் சிறப்புகளையும் எண்ணிப் பார்த்தோர்க்கு அப்பேச்சின் பொய்ம்மை விளங்கும். ஆனால் எண்ணிப் பார்ப்போர் எத்துணை பேர்?

சாண்ட்லர் 2019 சனவரியில் மறைந்தார். அவர் அடிக்குறிப்பில் கண்டெடுத்த அந்த ஆணை 2025 சனவரியில் குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த வேறோர் ஆணையால் நீக்கப்பட்டது. தலைவர் ஒருவரின் கையெழுத்தால் வந்தது மற்றொருவரின் கையெழுத்தால் போயிற்று. நாடாளுமன்றம் இயற்றிய ஒன்பதாம் பிரிவு நிற்கிறது.

மீன்கள் என்ன ஆயின என்று மாணவர் கேட்கலாம். தொட்டிகளுக்கு இடம் கிடைத்தது. நான்சியும் அவர் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் முட்டைகளை ஒவ்வொன்றாக நோக்கினர். மரபணுக்களுள் எது பழுதுபட்டால் எவ்வுறுப்பு உருவாகாது என்று குறித்தனர். 2004-இல் வெளியிட்ட கட்டுரையில், அச்சிறு மீன் கருவாக வளர்வதற்கு இன்றியமையாத 315 மரபணுக்களை அவர்கள் பட்டியலிட்டிருந்தனர். அவ்வாண்டே நான்சி தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.